நடேசய்யரும் தோட்டத்து வாயிலும்



மலைநாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1939ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொள்வர். அவ்வாண்டு சூலைத் திங்களில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அவருடைய தூண்டுதலால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று. அதன் அடியிலிருந்து பெருந் தொழிற்சங்கங்கள் கிளைத்தன. இவையெல்லாம் மெய்யே. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, அமைப்பு ஏதுமின்றி, செல்வ வலிமையும் இன்றி, ஒரு மனிதர் இம்மலைகளுக்குள் நுழைந்தார். அவரே தஞ்சை மண்ணில் பிறந்த கோதண்டராம நடேசய்யர். 'தேசபக்தன் நடேசய்யர்' என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவரைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விழைகின்றேன்.

நுழைந்தார் என்று சொன்னேன். அச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஏனெனில் அவருடைய பொதுவாழ்வு முழுவதையும் ஒரே வினாவாகச் சுருக்கிவிடலாம்: தோட்டத்தினுள்ளே வாழும் மக்களிடம் வெளியாள் ஒருவன் பேசுவது எப்படி?

அக்காலத்துத் தோட்டம் எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் மனத்திற் கொள்வது கடினம். தேயிலைச் செடி நிற்கும் மலை மட்டும் அன்று துரைமாருடையதாக இருக்கவில்லை. லயம் அவர்களுடையது. லயத்துக்குச் செல்லும் பாதை அவர்களுடையது. கோயில் நிற்கும் நிலமும், பிள்ளைக்காம்பிராவும், சுடுகாடுங்கூடத் தோட்டத்துச் சொத்தே. தொழிலாளி விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, இரவில் உறங்குவதும் முதலாளியின் கூரையின் கீழேயே. அனுமதியின்றி உள்ளே வருபவன்மேல் அத்துமீறிய குற்றம் சாட்டிப் பொலிசில் ஒப்புவிக்கலாம். சட்டம் அதற்கு இடங்கொடுத்தது.

சென்னையோடு ஒப்பிட்டால் இதன் பொருள் தெளிவாகும். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது வ. உ. சிதம்பரனார் அவர்களிடையே நேரே நின்று பேசினார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் வாடியாவின் தலைமையில் பிறந்தபொழுது, திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் ஆலைக்கு அப்பால் கூட்டங் கூட்டினர். ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் வெளியே வந்து, தன் தெருவில், தன் குடிசையில் இருப்பான். அவனைச் சந்திக்க எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. தோட்டத் தொழிலாளிக்கோ வெளியே என்று ஓரிடமே இல்லை. வேலையை இழந்தால் வீட்டையும் அன்றே இழந்தான். பத்துச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் மலைநாட்டார் நெஞ்சு பதைத்தது அதனாலேதான்.

இவற்றோடு கடன் வேறு. இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணம் அவர்கள் தலையில் ஏறி நிற்கும். இத்தனை ரூபாய் கொடுத்தால் இக்கூட்டத்தை விட்டுவிடுவேன் என்று துரை எழுதிக் கொடுப்பது 'துண்டு' எனப்பட்டது. அத்துண்டைக் காட்டிக் கங்காணி வேறொரு தோட்டத்தில் அதனினும் மிகுதியாகக் கடன் பெறுவான். ஆட்களும் இடம் பெயர்வர். கடன் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவர்களோடு நடந்து சென்றது. 1921இலேதான் அம்முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. கங்காணியின் வருவாயோ, தன் ஆட்களில் எத்தனை பேர் பிரட்டுக்கு வந்தார்கள் என்ற கணக்கின்மேல் கிடைக்கும் தலைக்காசைப் பொறுத்திருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்குக் காசு குறையும். இப்படி அமைந்த ஏற்பாட்டில் இரக்கத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நடேசய்யர் தஞ்சையிலே 'வர்த்தகமித்திரன்' என்னும் ஏட்டை நடத்தியவர். வணிகர்களோடு கொண்டிருந்த தொடர்பே அவரை முதலில் கொழும்புக்குக் கொணர்ந்தது. வந்த இடத்தில் மலைநாட்டைப் பற்றிக் கேள்வியுற்றார். நேரிற் காண விரும்பினார். வாயில் அடைத்திருந்தது. அப்பொழுது தோட்டத்தினுள் தடையின்றிச் செல்லக்கூடியவர் சிலரே. அவருள் ஒருவன் புடவை வியாபாரி. கடனுக்குத் துணி கொடுத்துச் சம்பள நாளில் தவணை வாங்குபவன். அவனால் துரைக்குத் தீங்கொன்றுமில்லை. நடேசய்யர் அத்தகைய வியாபாரி ஒருவரின் உதவியாளாக வேடம் பூண்டு, துணிமூட்டையோடு லயங்களுக்குச் சென்றார் என்றும், கண்டவற்றைத் தஞ்சைக் காங்கிரசாருக்கு அறிக்கையாக எழுதினார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். ஓர் அந்தணர், படித்தவர், பத்திரிகையாசிரியர், துணிமூட்டை சுமந்து லயத்து வாசலில் நின்ற அக்காட்சியில் நாடகத்தன்மை மிகுந்திருப்பதால் பலரும் அதனையே திரும்பத் திரும்பச் சொல்வர். எனக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது, மூட்டையை இறக்கி வைத்தபின் அவர் செய்தது. கண்டுவிட்டு ஊர் திரும்பியோர் பலர். அவர் திரும்பி வந்து இங்கேயே தங்கினார்.

1920ஆம் ஆண்டளவில் கொழும்பில் குடியேறிய அவர், 'தேசநேசன்' என்னும் இதழின் ஆசிரியரானார். பின்னர் 1924இல் 'தேசபக்தன்' வெளிவந்தது. சென்னையிலே திரு. வி. க. அதே பெயரில் 1917இல் நாளிதழொன்றின் ஆசிரியப் பொறுப்பேற்றதை நேயர்கள் அறிவீர்கள். பெயர் ஒன்றாயினும் களம் வேறு. நடேசய்யரின் ஏடு துரைமாரையும் பெரிய கங்காணிமாரையும் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டியது. தாள் ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே செல்பவனை வாயிற்காவலன் தடுக்க இயலாது. ஒரு லயத்தில் எழுத்தறிந்தவன் ஒருவன் இருந்தாற் போதும். இரவிலே விளக்கடியில் அவன் உரக்கப் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். துணிமூட்டையால் ஒரு மனிதர் மட்டுமே உள்ளே செல்ல முடிந்தது. அச்செழுத்தால் அவர் குரல் பல தோட்டங்களுக்கு ஒரே நாளிற் சென்றது. அவர் போல்ஷிவிக்குகளோடு தொடர்புடையவர் என்ற ஐயம் ஆட்சியாளரிடையே எழுந்ததில் வியப்பில்லை.

1925இல், சட்டநிரூபண சபையில் இந்தியர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த இடங்களுள் ஒன்று வெறுமையாக, அதற்கு நடந்த இடைத்தேர்தலில் அவர் வெற்றி பெற்றார். இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அந்நாளில் வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடைய சிலர்க்கே உரியது. எந்த மக்களுக்காக அவர் சபையில் எழுந்து பேசினாரோ, அந்த மக்களுள் எவரும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. வணிகரும் வட்டிக்கடைக்காரரும் தெரிவு செய்த ஒருவர் கூலி மக்களின் பிரதிநிதியாக நடந்துகொண்டார். அவரைத் தெரிவு செய்தோரில் எத்தனை பேர் அதனை விரும்பினரோ!

அவர் சபையில் இருந்த காலத்திலேயே 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவர்க்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. இத்தொகை போதாதென்று நடேசய்யர் வாதாடினார். இன்று பார்க்கையில், தொகையினும் முக்கியமானது வேறொன்று எனலாம். கூலி என்பது துரையின் விருப்பம் என்றிருந்த நிலை மாறிச் சட்டத்தில் எழுதப்பட்ட எண்ணாக ஆயிற்று. எழுதப்பட்ட எண்ணைத் தொழிலாளியும் கேட்டறியலாம், குறைந்தால் முறையிடலாம். அதற்கு முதலில் சட்டம் அவன் மொழியில் இருக்கவேண்டுமே! தொழிலாளர்க்கான சட்டங்களை எளிய தமிழில் நூலாக்கி வெளியிட்டவரும் அவரே. ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்தவன் என்ற முறையில், அவர் செய்தவற்றுள் இதனையே நான் உயர்வாக மதிக்கின்றேன். உரிமை உண்டு என்று மேடையில் முழங்குவது எளிது. இன்ன பிரிவில் இன்னவாறு எழுதியுள்ளது என்று காட்டுவது உழைப்பு வேண்டும் செயல்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியிருந்தார். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தால் அவர் பெயர் நாடெங்கும் பரவியிருந்தது. நடேசய்யர் அவரோடு இணைந்து பணியாற்றிச் சங்கத்தின் உபதலைவராகவும் விளங்கினார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின்கீழ் நின்ற அச்சில ஆண்டுகள் நம் நாட்டு வரலாற்றில் அருமையானவை. அவை நிலைக்கவில்லை. 1928, 29ஆம் ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். இருவருமே முன்கோபிகள், தம் சொல்லே மேலோங்க வேண்டுமென்று கருதுபவர்கள். ஆயினும் பிரிவை அவர்தம் குணத்தின்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. உலகப் பொருளாதார மந்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் வேலை குறைந்தது. இந்தியரே வேலையைப் பறிக்கின்றனர் என்ற பேச்சு வலுத்தது. குணசிங்கா அப்பேச்சின் பக்கம் சாய்ந்தார். நடேசய்யர் மலையை நோக்கித் திரும்பினார்.

1931ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அட்டன் நகரிலே அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றிற்று. இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர்க்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. ஏன் அட்டன் என்று கேட்கலாம். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளுக்கு வாயில் அந்நகரம். புகையிரத நிலையமும் கடைத்தெருவும் அங்கே உள்ளன. சம்பளம் கிடைத்தபின் சாமான் வாங்கத் தொழிலாளர் அங்கே இறங்கி வருவர். அரசாங்கத் தெருவில் நிற்பவனை எந்தத் துரையும் அத்துமீறினான் என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்குள் போக முடியாதவர், தோட்டத்து மக்கள் வந்து சேரும் இடத்தில் போய் நின்றார்.

இங்கே நான் சற்றுத் தங்கிப் பேச விரும்புவது அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரைப் பற்றி. அவரை 'நடேசய்யரின் மனைவி' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். அது பெரும் பிழை. 'தேசபக்தன்' பணியிலே அவர் பங்குகொண்டார். கூட்டங்களிலே கணவரின் பேச்சுக்கு முன் அவர் பாடினார். பாட்டுகளைத் தாமே இயற்றினார்; மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் அவற்றை அமைத்தார். அவை துண்டுப் பிரசுரங்களாக அச்சாகிக் கைமாறின. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை நீக்கத் தொடங்கியிருந்தது. அக்கொதிப்பின் நடுவே பிறந்தவை அப்பாடல்கள்.

பாட்டின் வலிமையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். செய்தித்தாளையேனும் பறிமுதல் செய்யலாம். வைத்திருந்தவனைப் பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்பலாம். நெஞ்சில் பதிந்த மெட்டை எந்தக் கண்டக்டர் சோதித்துப் பறிப்பார்? கொழுந்து நிரையில் நிற்பவர் பெரும்பாலும் பெண்கள். எழுத்தறிவு அவர்களை ஆண்களைக் காட்டிலும் குறைவாகவே எட்டியிருந்தது. மேடையேறி ஒரு பெண் அரசியல் பேசுவதும் பாடுவதும் அந்நாளில் தஞ்சையிலேயே அரிது. மலைநாட்டுக் கடைத்தெருவில் அது எத்துணை வியப்பை விளைத்திருக்கும்! நடேசய்யரின் எழுத்து எட்டாத இடத்தை அம்மையாரின் குரல் எட்டிற்று என்பதே என் கருத்து. 1937இல் நடேசய்யர் தாமே 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்ற இசைநாடக நூலை வெளியிட்டதற்கும், பாட்டின் பயனைத் தம் இல்லத்திலேயே கண்டறிந்தது ஒரு காரணமாகலாம்.

அண்மையில் எங்கள் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவரிடம் இவ்விருவர் பெயரையும் சொல்லிக் கேட்டேன். நடேசய்யரை இருவர் அறிந்திருந்தனர். மீனாட்சியம்மையாரை ஒருவரும் அறியார். அவ்வகுப்பில் பெரும்பாலோர் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள்.

மீண்டும் அரசியலுக்கு வருவோம். டொனமூர்த் திட்டத்தின்படி 1931இல் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வந்தது. இந்தியத் தொழிலாளர்க்கு மட்டும் நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் பல்லாயிரவர் பதிவு பெற்றனர். அட்டன் தொகுதியிலிருந்து அவ்வாண்டு அரசாங்க சபைக்குச் சென்றவர் பெரி. சுந்தரம். அவரே தொழில் அமைச்சராகவும் விளங்கினார். நடேசய்யரின் சம்மேளனமோ மந்தத்தின் கொடுமையாலும் கங்காணிமாரின் எதிர்ப்பாலும் தளர்ந்தது. தேயிலை விலை வீழ்ந்து, சட்டம் விதித்த சம்பளமே குறைக்கப்பட்ட காலம் அது. தோட்டங்கள் மூடப்பட, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அச்சத்தில் வாழ்பவன் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கத் துணிவானா?

ஆயினும் 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் மக்கள் நடேசய்யரையே தெரிவு செய்தனர். பதினொரு ஆண்டுகளுக்கு முன் வணிகரின் வாக்கால் சபை புகுந்தவர், இம்முறை லயத்து மக்களின் வாக்கால் புகுந்தார். துணிமூட்டையோடு சென்ற நாளை அவர் அப்பொழுது நினைத்திருப்பார் என்று நம்புகின்றேன். சபையில் அவர் வினாக்கள் ஓயவில்லை. கிராமச் சங்கத் தேர்தல்களில் தோட்டத்து இந்தியத் தொழிலாளர்க்கு வாக்கில்லை என்று செய்யப்பட்ட திருத்தத்தை அவர் எதிர்த்தார். இன்று கிராமச் சங்கம், நாளை அரசாங்க சபை என்ற அச்சம் அந்நாளில் பலர்க்கும் மிகையாகப் பட்டிருக்கலாம். பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தவை அதனை மிகையல்ல என்று காட்டின.

அவரிடம் குறைகளும் இருந்தன. அவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே பேசி, தாமே வழக்காடும் இயல்பினர் அவர். அத்தகையோர்க்கு உடனுழைப்போர் நிலைப்பதில்லை. தமக்குப்பின் சங்கத்தை நடத்தவல்ல இளைஞர் கூட்டமொன்றை அவர் உருவாக்கவில்லை. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றி, 1940இல் அதன் தொழிற்சங்கம் மலைநாடெங்கும் பரவியபொழுது, முன்னோடியாகிய அவர் அப்பெருவெள்ளத்துக்கு வெளியே நின்றார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான நாட்களில், வேலைநிறுத்தங்களை முன்னின்று நடத்தியோர் வேறு தலைவர்கள், சமசமாஜக் கட்சியினர் உட்பட. தொழிலாளர்க்குச் சங்கம் அமைக்கும் உரிமையைத் தோட்டத்துரைமார் ஏற்றுக்கொண்ட ஏழு அம்ச உடன்பாடு அவ்வாண்டிலேயே ஏற்பட்டது. அட்டன் கடைத்தெருவில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்டது அதுவே. அதனைக் கைக்கொண்டு வளர்ந்தவை பிறர் சங்கங்கள்.

1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் அதிலே தெரிவாயினர். நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் காலமானார். நாடு சுதந்திரமடைய மூன்று மாதங்கள் இருந்தன.

அவர் காணாதவை பின்னர் நிகழ்ந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களில் மிகப் பலரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவரைத் தோற்கடித்த வாக்குகளும், முன்னொருகால் அவரை வெல்வித்த வாக்குகளும் ஒருங்கே போயின. 1964இல் இரு பிரதமர்கள் புதுடில்லியிலே ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தனர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றனர். 1977 வரை மலைநாட்டு மக்களின் பிரதிநிதியாகத் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தவர் எவருமிலர். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவு காண 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. 2023இல், இம்மக்கள் இம்மண்ணுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தனர்.

நடேசய்யரைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி ஆய்வாளர் சாரல் நாடன் தேடித் தொகுத்தது. 1988இல் வெளிவந்த அவருடைய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூல் இல்லையேல், என் மாணவர் இருவர்கூட அப்பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் 'தேசபக்தன்' இதழ்கள் பல கிடைப்பதற்கு அரியனவாகவே உள்ளன. மீனாட்சியம்மையாரின் துண்டுப் பிரசுரங்களோ அவற்றினும் அரியன. மெல்லிய தாளில் அச்சிட்டவை, மலைநாட்டு ஈரத்தில் மக்கிப்போகக் கூடியவை. லயத்துக் காம்பிராக்களில் பாட்டன் பாட்டிமார் வைத்துப் போன தகரப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றின் அடியில், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் பழைய செக்ரோல் துண்டுகளோடும் அச்சுத்தாள் ஏதேனும் மடித்து வைத்திருக்கக் கண்டால், எறிந்துவிடாதீர்கள். அருகிலுள்ள பாடசாலை ஆசிரியரிடமோ நூலகத்திலோ காட்டுங்கள். பாட்டு மட்டும் நினைவில் இருந்து தாள் இல்லாவிடினும், அதனைப் பாடச் சொல்லி எழுதி வையுங்கள்.